ஆடுற பூட்டும் 58 கிலோ கண்ணாடியும்!

காலையில கிளம்பினதுல இருந்து எத்தனை கண்ணாடிக் கதவைத் தள்ளியிருப்பீங்க? ஏ.டி.எம்., பேக்கரி, மொபைல் கடை, ஜெராக்ஸ் கடை, கோச்சிங் சென்டர்... 'புல்'னு எழுதின இடத்துல தள்ளி, 'புஷ்'னு எழுதின இடத்துல இழுத்து, உள்ளே உட்கார்ந்திருக்கிற பொண்ணுங்க முன்னாடி அசிங்கப்பட்டதையும் கணக்குல சேர்த்துக்குங்க. அந்தக் கதவோட கீழ் மூலையில, கணுக்கால் உயரத்துல, எவர்சில்வர் டப்பா மாதிரி ஒரு பூட்டு இருக்குமே... அதை என்னிக்காவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?

நான் பார்த்தேன் பாஸ். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, மொபைல் டார்ச் வெளிச்சத்துல, தரையில குப்புறப் படுத்துக்கிட்டுப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் தெரிஞ்சது, மூணு வாரமா எங்க சித்தி கடையில ஒரு கண்ணாடி வெடிகுண்டை நானே செட் பண்ணி வச்சிருக்கேன்னு!

'என்னடா பில்ட்-அப்பு'ன்னு பேப்பரை மடிச்சுடாதீங்க. கதையைக் கேளுங்க.

மதுரையில ஒரு காலேஜுக்கு எதிர்ல இருக்குற காம்ப்ளக்ஸ்ல, முதல் மாடியில எங்க சித்தி ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க. ரெண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின், ஸ்பைரல் பைண்டிங். செமஸ்டர் நேரத்துல உள்ளே நுழையவே முடியாது. கீழ்த்தளக் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் உண்டு. மாடிக் கடைகளுக்கு ஷட்டர் கிடையாது. 'ஷோவா இருக்கணும்'னு பில்டர் வெறும் கண்ணாடிக் கதவோட விட்டுட்டார். அந்தக் கதவுக்கு அந்த ஒரே ஒரு மூலைப் பூட்டுதான் காவல்.

அன்னிக்கு சித்தி சாவியைப் போட்டுத் திருகினாங்க. சாவி திரும்புச்சு, கூடவே பூட்டும் திரும்புச்சு! டப்பா மொத்தமும் கண்ணாடியைப் பிடிச்சுக்காம அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. நாக்கு தரைக் குழிக்குள்ள இறங்க மாட்டேங்குது. சங்கிலி போட்டுக் கட்டலாம்னா ஒத்தைக் கதவு, பக்கத்துல நிக்கிறது அசையாத கண்ணாடி. கோர்க்கறதுக்கு இன்னொரு கைப்பிடியே இல்லை.

கடையில இருந்த மெஷின்கள் கூட பரவாயில்லைங்க. கல்லாவுக்குக் கீழே ஒரு ஃபைல்ல ஏழு பசங்களோட ஒரிஜினல் சர்டிஃபிகேட் இருந்துச்சு. ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனுக்கு ஸ்கேன் பண்ணி அப்லோட் பண்ணக் கொடுத்துட்டு, 'நாளைக்கு வந்து வாங்கிக்கிறோம்க்கா'ன்னு போனவங்க. பத்தாவது, பன்னெண்டாவது மார்க்‌ஷீட், கம்யூனிட்டி சர்டிஃபிகேட்... காணாமப் போனா டூப்ளிகேட் வாங்க எத்தனை படி ஏறி இறங்கணும்னு அலைஞ்சவங்களுக்குத் தெரியும். சித்தப்பா லாரியில ராஜமுந்திரி பக்கம் போயிருந்தார். சித்திக்கு ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பாப்பா. ஃபைலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம், மெஷினை எப்படித் தூக்கறது?

'நீங்க போங்க சித்தி, நான் இங்கேயே படுத்துக்கிறேன்'னு ஹீரோ மாதிரி சொல்லிட்டு, ஏ4 பேப்பர் கட்டு ரெண்டைத் தலைக்கு வச்சு, கதவு திறந்துடாம இருக்க அந்தக் கண்ணாடியிலயே முதுகைச் சாய்ச்சுக்கிட்டு ராத்திரியை ஓட்டினேன். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. கண்ணாடியில முதுகைச் சாய்ச்சுக்கிட்டு!

'அட்டையா தம்பி வச்சிருக்கே?'

மறுநாள் காலையில எட்டு மணிக்கு, காம்ப்ளக்ஸ் வாட்ச்மேன் சொல்லி ஒரு கண்ணாடி ஃபிட்டர் அண்ணே வந்தார். அம்பது வயசிருக்கும். பழைய ஸ்கூட்டர், முன்னாடி ஒரு டூல்ஸ் பை. நான் இன்ஜினீயரிங் மாணவன்ங்கிற கெத்துல, 'போல்ட் லூஸாயிடுச்சுண்ணே, டைட் பண்ணா சரியாயிடும்'னு சொன்னேன். அவர் பதில் சொல்லலை. கதவைத் தொண்ணூறு டிகிரிக்குத் திறந்து நிறுத்தினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூட்டு மேல இருந்த எவர்சில்வர் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

'யார் தம்பி இதுக்குள்ள அட்டை வச்சது?'

நான்தான். மூணு வாரத்துக்கு முன்னாடி பூட்டு லேசா ஆடுச்சுன்னு நானே மூடியைக் கழட்டினேன். உள்ளே கறுப்பா ஒரு ரப்பர், காஞ்சு கிழிஞ்சு போயிருந்துச்சு. 'இது எதுக்கு'ன்னு தூக்கிப் போட்டுட்டு, பேப்பர் கட்டு வந்த அட்டைப் பெட்டியைக் கிழிச்சு ரெண்டா மடிச்சு வச்சு, போல்ட்டைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு முறுக்கி விட்டேன். அன்னிக்குக் கிண்ணுனு நின்னுச்சு. சித்தி டீ, வடையெல்லாம் வாங்கிக் கொடுத்தாங்க. அப்புறம் ஐப்பசி மழை. மாடி வராந்தாவுல சாரல். தினமும் கடை கழுவுற தண்ணி. அட்டை ஊறிச்சு, நசுங்கிச்சு, பூட்டு நழுவிச்சு. இது வரைக்கும் வெறும் முட்டாள்தனம். ஆபத்து அடுத்துதான்.

அண்ணே பூட்டைக் கழட்டி எடுத்துட்டு, கண்ணாடியில வெட்டி விட்டிருந்த இடத்தை விரலால தொட்டுக் காட்டினார். விளிம்புல சாம்பல் கலர்ல ஒரு கோடு. அட்டை நசுங்கினதும் பூட்டோட இரும்பு நேரா கண்ணாடி விளிம்புல உட்கார்ந்து, கதவு திறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் அங்கே உரசியிருக்கு.

'இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தீன்னா, இல்ல நாலு நாள் இப்படியே விட்டிருந்தீன்னா, மொத்தக் கதவும் கொட்டியிருக்கும். ராத்திரி எங்கே படுத்திருந்தே?'

நான் கதவைக் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. பீடியைப் பத்த வைக்க வெளியே போயிட்டார். எனக்கு முதுகு ஜில்லுனு ஆயிடுச்சு. ஏன்னா தினமும் ஸ்கூல் விட்டதும் பாப்பா ஹோம்வொர்க் எழுதுறது அந்தக் கதவுக்கு ஒட்டினாப்புல போட்டிருக்கிற ஸ்டூல்லதான்.

கண்ணாடிக்குள்ள ஒரு கயிறிழுக்கும் போட்டி

கடைகள்ல இந்த மாதிரி ஃப்ரேம் இல்லாம நிக்கிற கதவு எல்லாம் டஃபன்ட் கிளாஸ், அதாவது பதப்படுத்தின கண்ணாடி. பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் கனம். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடு பண்ணி, ரெண்டு பக்கமும் காத்தைப் பீய்ச்சி அடிச்சு சட்டுனு குளிர வைப்பாங்க. வெளித்தோல் முதல்ல இறுகிடும். உள்ளே இருக்குறது மெதுவா ஆறிச் சுருங்கப் பார்க்கும், ஆனா ஏற்கெனவே இறுகின தோல் அதை விடாது. விளைவு? தோல் அழுத்தத்துல இருக்கும், உள்பகுதி இழுவிசையில இருக்கும். ரெண்டு டீமும் சமமா இழுத்துக்கிட்டு நிக்கிற கயிறிழுக்கும் போட்டி மாதிரி. அதனாலதான் சாதாரணக் கண்ணாடியை விட நாலு அஞ்சு மடங்கு பலம். கிரிக்கெட் பந்து பட்டாக்கூட பல நேரம் ஒண்ணும் ஆகாது.

ஆனா விளிம்புல ஒரு கீறல் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போச்சோ, முடிஞ்சது கதை. தோலோட கனம் ஒவ்வொரு பக்கமும் மொத்தத்துல சுமார் அஞ்சுல ஒரு பங்கு. அதைத் தாண்டினதும் கயிறு அறுந்த மாதிரி, உள்ளே அடைபட்டிருந்த சக்தி மொத்தமும் ஒரே நேரத்துல வெளியே வரும். கண்ணாடியில விரிசல் ஓடுற வேகம் விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் வரைக்கும் போகும். நீங்க 'ஐயோ'ன்னு சொல்ற 'ஐ'க்குள்ள முழுக் கதவும் கல்கண்டு மாதிரி கொட்டிடும். கத்தி மாதிரி நீளத் துண்டா விழாம கல்கண்டா உடையறதுதான் இதோட பாதுகாப்பு, அதனாலதான் இதைப் போடவே செய்யறாங்க. ஆனா கிட்டத்தட்ட அறுபது கிலோ கல்கண்டு ஒரு ரெண்டாங்கிளாஸ் குழந்தை மேல கொட்டினா எப்படியிருக்கும்?

அறுபது கிலோவான்னு கேக்குறீங்களா... நானும் நம்பலை, கணக்குப் போட்டேன். ஏழு அடி உயரம், மூணு அடி அகலம், அதாவது 1.95 சதுர மீட்டர். கனம் 0.012 மீட்டர். கண்ணாடியோட அடர்த்தி கன மீட்டருக்கு 2,500 கிலோ. பெருக்கிப் பாருங்க, 58 கிலோவைத் தாண்டும். என் எடையை விட நாலு கிலோ ஜாஸ்தி!

இந்த விளையாட்டு புதுசும் இல்லை. உருகின கண்ணாடியைச் சொட்டா தண்ணிக்குள்ள விட்டா, தலைப்பிரட்டை மாதிரி ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியலால அடிச்சாலும் உடையாது, வால் நுனியைக் கிள்ளினா மொத்தமும் தூளாயிடும். 1660-கள்ல இதை இங்கிலாந்து அரசவைக்குக் கொண்டுபோய்க் காட்டினவர் பேரால 'பிரின்ஸ் ரூபர்ட் துளி'ன்னு சொல்றாங்க. யூடியூப்ல ஸ்லோமோஷன் வீடியோ இருக்கு, மிஸ் பண்ணாதீங்க. இதே சங்கதியைப் பலகைக் கண்ணாடியில செஞ்சு, 1874-ல காப்புரிமை வாங்கினவர் ராயர் தெ லா பாஸ்டிங்கிற பிரெஞ்சுக்காரர். சூடான கண்ணாடியை எண்ணெய்த் தொட்டியில முக்கி எடுத்தார்.

இதுல இருந்து ஒரு விஷயத்தை மண்டையில ஆணியடிச்சு வச்சுக்குங்க. பதப்படுத்தின கண்ணாடியில பிறகு டிரில் போட முடியாது, அரம் போட முடியாது, வெட்ட முடியாது. பூட்டுக்கான வெட்டு, கைப்பிடிக்கான ஓட்டை எல்லாம் ஃபேக்டரியில சூடு பண்றதுக்கு முன்னாடியே போட்டுடறாங்க. 'ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாம்ணே'ன்னு எவனாவது ஐடியா கொடுத்தா, அவனை விட்டே டிரில் பண்ணச் சொல்லிட்டு நீங்க தெருமுனையில நின்னுக்குங்க.

லூஸ்... ஆனா எது லூஸ்?

பீடி முடிச்சுட்டு வந்த அண்ணே கேட்ட முதல் கேள்வி இதுதான். 'பூட்டு லூஸுன்னு சொன்னே. எது லூஸு?' எனக்குப் பதில் தெரியலை. நாலு வருஷப் படிப்புல ரெண்டரை வருஷம் முடிச்சவன், இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுக்கத் தோணலையேன்னு வெட்கமாப் போச்சு.

சாவி போடுற சிலிண்டர் மட்டும் ஆடுதா? சாவியைப் போட்டு மெதுவா மேலே கீழே அசைச்சுப் பாருங்க. டப்பா அசையாம சிலிண்டர் மட்டும் அசைஞ்சா, அதைப் பிடிச்சிருக்கிற திருகாணிதான் தளர்ந்திருக்கு. கை வேலை, அஞ்சு நிமிஷம்.

டப்பா மொத்தமும் கண்ணாடி மேல நகருதா? எங்க கேஸ் இதுதான். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் போச்சு, இல்லேன்னா ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட் தளர்ந்துடுச்சு.

மூணாவதுதான் ஏமாத்துக்காரன். எதுவும் ஆடாது, ஆனா பூட்டாது. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, முட்டியால ஒரு தள்ளு தள்ளினாத்தான் சாவி திரும்பும். நம்ம ஊர்ல பாதிக் கடைக்காரங்க இப்படித்தான் பூட்டுறாங்க, 'அதுக்கு ஒரு ட்ரிக் இருக்கு தம்பி'ன்னு பெருமையா வேற சொல்வாங்க! பூட்டுல பிரச்னை இல்லை. கதவே இறங்கிடுச்சு, இல்லேன்னா தரைக் குழி அடைச்சிருக்கு. எங்க கடைக் குழிக்குள்ள இருந்து ஸ்டேப்ளர் பின், பென்சில் சீவின தூள், ஒரு பபிள்கம் பேப்பர், ஒரு ரூபாய் காசு ஒண்ணு எல்லாம் வந்துச்சு. காசை சித்தி வாங்கிக் கல்லாவுல போட்டுட்டாங்க.

கை வேலை ஆரம்பம்

செய்முறைக்கு வருவோம். ஆனா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அண்ணே ஒரு லட்சுமணக் கோடு போட்டார். கதவோட ரெண்டு பக்கத்துல, பூட்டு இருக்கிற பக்கம் நம்ம பக்கம். கதவு திரும்புற பக்கம், அதாவது மேலேயும் கீழேயும் கீல் மாதிரி பிடிச்சிருக்கிற ஃபிட்டிங் இருக்கிற பக்கம், நமக்குத் தடை செய்யப்பட்ட பகுதி. ஏன்னா 58 கிலோவும் அந்த ரெண்டு பிடியில நிக்குது. அங்கே ஒரு போல்ட்டைத் தளர்த்தினாலும் கதவு உங்க கையில வரும், கையோட நிக்காது. பூட்டு எடை தாங்குறது இல்லை, அதனால அதை மட்டும் கழட்டலாம்.

கதவைத் திறந்த நிலையில நிறுத்தி, அசையாம இருக்க அடியில ஒரு மர ஆப்பு. மூடியை எடுத்தா ரெண்டோ மூணோ அலன் போல்ட், அதாவது தலையில ஆறு முகக் குழி இருக்கிற போல்ட் தெரியும். ஒண்ணை முழுசாக் கழட்டிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. இதுல ஒரு சுத்து, அதுல ஒரு சுத்துன்னு மாத்தி மாத்தித் தளர்த்தணும். எங்க டிசைன் சப்ஜெக்ட்ல ஃபிளாஞ்ச் போல்ட்டை எப்படி இறுக்கணும்னு படிச்சிருக்கேன், 13 மார்க் கேள்விக்கு எழுதியும் இருக்கேன். சித்தி கடைக் கதவுக்கும் அதேதான்னு எவனும் சொல்லித்தரலை.

பழைய அட்டை, பிசுக்கு எல்லாத்தையும் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால கண்ணாடியையும் உலோகத்தையும் துடைச்சார். எண்ணெய்ப் பசை இருந்தா ரப்பர் வழுக்கும். விளிம்பை டார்ச் அடிச்சு ஓரம் ஓரமாப் பார்த்தார். எனக்கு ரிசல்ட் பார்க்கிற நாள் மாதிரி இருந்துச்சு. 'கோடு மட்டும்தான். சில்லு பேரலை. தப்பிச்சே'ன்னார். சில்லு பேர்ந்திருந்தா கண்ணாடியையே மாத்தணும். அது அஞ்சு இலக்கச் சமாசாரம்.

புது ரப்பர் ஷீட்டை பூட்டோட உள்பக்கத்து அளவுக்கு வெட்டி, ரெண்டு பக்கமும் ஒரே கனத்துல வச்சார். போல்ட் கடந்து போற இடத்துல, வெட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுலகூட இரும்பு கண்ணாடியைத் தொடாத மாதிரி ஒரு துண்டு. மொத்த வேலையோட உயிர் இங்கேதான். கண்ணாடியை உலோகம் எங்கேயும் தொடக் கூடாது.

அப்புறம் இறுக்கறது. இதுல நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. அலன் கீயோட குட்டைக் கையைப் பிடிச்சு, விரல் பலத்துல, மாத்தி மாத்திக் கால் சுத்து கால் சுத்தா. பைப் மாட்டி நீட்டறது, பேட்டரி ஸ்க்ரூ டிரைவர் வச்சு 'டர்ர்ர்'னு விடறது ரெண்டும் கூடாது. 'ரப்பர் லேசா பிதுங்கினா போதும். பூட்டு கண்ணாடியைப் பிடிக்கிறது ரப்பரோட உராய்வுலதான், உன் பலத்துல இல்லை'ன்னார். மியூ இன்டு என்னு ஃபார்முலா மனசுல ஓடிச்சு, சொல்லலை.

நாக்கு சரியா குழியில இறங்குதான்னு எப்படிப் பார்க்கறது? எங்க கடையிலதான் ஸ்டாம்ப் பேட் இருக்கே! நாக்கு நுனியில மை தடவி, கதவை மூடி, சாவியைத் திருகினா தரையில வயலட் கலர்ல முத்திரை. குழிக்கு மூணு மில்லிமீட்டர் தள்ளி விழுந்துச்சு. மறுபடி லேசாத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி... மூணாவது முத்திரை கச்சிதம். இந்த ஐடியா மட்டும் என்னுது. அண்ணே 'பரவாயில்லையே'ன்னார். எனக்கு அது டிஸ்டிங்ஷன்.

குற்றவாளி தரைக்குக் கீழே!

எல்லாம் முடிஞ்சுது, காசு கொடுத்து அனுப்பிடலாம்னு பார்த்தா, அண்ணே கதவை ஒரு தடவை திறந்து விட்டார். 'படார்'! மறுபடி திறந்து விட்டார். 'படார்'!

'இது இப்படி அடிச்சுக்கிட்டிருந்தா, நான் என்ன ரப்பர் வச்சாலும் ஆறு மாசம்தான் தம்பி.'

கதவு திரும்புற பக்கம் தரையில ஒரு எவர்சில்வர் தகடு பதிச்சிருக்கும், பார்த்திருப்பீங்க. அதுக்குக் கீழே இருக்கிறதுதான் ஃப்ளோர் ஸ்பிரிங். உள்ளே ஒரு ஸ்பிரிங், எண்ணெய், எண்ணெய் போற சின்ன வால்வு. கதவைத் திறக்கும்போது ஸ்பிரிங் அழுந்தும். மூடும்போது எண்ணெய் அந்த வால்வு வழியா மெதுவாப் போறதால கதவு சாது மாதிரி வரும். வால்வு அளவுக்கு மேல திறந்திருந்தா, இல்லே எண்ணெய் கசிஞ்சு போயிருந்தா, ஸ்பிரிங் தன் முழுக் கோபத்தோட கதவை அடிக்கும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை அடிச்சா பூட்டு ஏன் லூஸாகாது?

அதிர்ச்சியில போல்ட் ஏன் தானா கழண்டுக்குதுங்கிறதுக்கு 1969-ல கெர்ஹார்ட் யுங்கர்ங்கிற ஜெர்மன் இன்ஜினீயர் ஒரு கட்டுரை எழுதினார். போல்ட்டை நீளவாக்குல ஆட்டுறதை விட, பக்கவாட்டுல ஆட்டினாத்தான் மரைகளுக்கு நடுவுல இருக்கிற உராய்வு ஒரு நொடி விட்டுப் போகுது, அந்த நொடியில போல்ட் ஒரு துளி திரும்பிக்குதுன்னு மெஷின் வச்சே நிரூபிச்சார். இன்னிக்கும் போல்ட்டைச் சோதிக்கிறதுக்கு 'யுங்கர் டெஸ்ட்'னு அவர் பேரால ஒண்ணு இருக்கு. எங்க கதவு 'படார்'னு நிக்கும்போது பூட்டோட கனம் போல்ட்டைப் பக்கவாட்டுலதான் தள்ளுது. யுங்கர் மதுரைக்கு வந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

தகட்டைத் தூக்கி, வால்வுத் திருகைக் கால் சுத்து உள்ளே திருப்பினார். கதவு அப்பவும் வேகம். இன்னொரு கால் சுத்து. இப்ப கதவு கோயில் யானை மாதிரி நடந்து வந்து நின்னுச்சு, சத்தமே இல்லை. நீங்க செய்யறதா இருந்தா ஒரே எச்சரிக்கை. அந்தத் திருகை வெளிப்பக்கமாத் திருகிக்கிட்டே போனா கழண்டு வந்து எண்ணெய் பீய்ச்சும், அப்புறம் புது ஃப்ளோர் ஸ்பிரிங்தான். தகட்டைத் தூக்கினதும் உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தா வால்வைத் தொடவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்க.

போல்ட் மறுபடி கழலாம இருக்க இன்னொரு வித்தையும் செஞ்சார். மரையில நீலக் கலர்ல ஒரு திரவம், ஒரே ஒரு சொட்டு. லாக்டைட். 1953-ல அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுல ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி புரொபசர், வெர்னன் கிரீபிள், உருவாக்கின சமாசாரம். காத்து படுற வரைக்கும் தண்ணியா இருக்கும். மரைக்குள்ள காத்து இல்லாம உலோகத்தோட மாட்டிக்கிட்டா கெட்டியாயிடும். 243-ங்கிற நீல ரகம் வாங்கினா பின்னாடி கைக் கருவியாலயே கழட்டலாம். சிவப்பு ரகத்தைப் போட்டுட்டா சூடு காட்டாம கழலாது, கண்ணாடி பக்கத்துல சூடு காட்டறது எவ்வளவு புத்திசாலித்தனம்னு இப்ப உங்களுக்கே தெரியும். எவர்சில்வர் போல்ட்டுல மெதுவாத்தான் பிடிக்கும், ஒரு நாள் விட்டுடணும்.

அலுமினியக் கதவுக்காரங்களும் கேளுங்க

உங்க ஹாஸ்டல் மெஸ்ஸுல, லேப்ல இருக்கிறது அலுமினிய ஃப்ரேம் போட்ட கண்ணாடிக் கதவா? அப்ப உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. அதுல பூட்டு ஃப்ரேமுக்குள்ள இருக்கும். சிலிண்டர் ஆடினா கதவைத் திறந்து, அதோட பக்கவாட்டு விளிம்பைப் பாருங்க. பூட்டோட முகத்தகட்டுல, சாவித் துளைக்கு நேர் மட்டத்துல நீளமான ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கும். மொத்த சிலிண்டரையும் பிடிச்சு வச்சிருக்கிறது அது ஒண்ணுதான். சாவியைப் போட்டு சிலிண்டரை நேரா நிறுத்தி, அந்த ஸ்க்ரூவை இறுக்கினா வேலை முடிஞ்சது. ஆனா அந்த ஸ்க்ரூ போற ஓட்டை இருக்கிற இடம்தான் சிலிண்டரோட ரொம்ப மெலிசான இடம். சிலிண்டர் கதவுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா, இடுக்கி போட்டு அங்கேயே முறிச்சுடலாம். அதனால கதவோட ஒட்டி உட்காருற சரியான நீளம் கேட்டு வாங்குங்க.

சாவி டைட்டா போகுதுன்னு தேங்காய் எண்ணெய் விடுற பழக்கம் எங்க பாட்டியில இருந்து எல்லாருக்கும் உண்டு. திண்டுக்கல் பூட்டு மாதிரி கை வேலைப் பூட்டுக்கு அது ஓடிச்சு. அந்தப் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, எங்க வீட்டு அரிசி டிரம்முல இன்னும் ஒண்ணு தொங்குது. ஆனா இந்தச் சின்ன சிலிண்டருக்குள்ள எண்ணெய் விட்டா, தூசி ஒட்டிப் பசையாகி சாவி மாட்டிக்கும். பென்சிலை எடுத்து சாவிப் பல்லுல நல்லாத் தேய்ச்சு ரெண்டு மூணு தடவை போட்டு எடுங்க. அதுல இருக்கிற கிராஃபைட்டே போதும்.

எங்க கதைக்கு வருவோம். ஒன்பதரைக்கு ஏழு பசங்களும் சர்டிஃபிகேட் வாங்க வந்து நின்னாங்க. அவங்களுக்கு ராத்திரி நடந்தது ஒண்ணும் தெரியாது. ஒருத்தன் கதவைப் பழைய ஞாபகத்துல ஓங்கித் தள்ளிட்டு, அது அடிக்காம மெதுவா வர்றதைப் பார்த்து, 'என்னக்கா, கதவு ரிப்பேரா?'ன்னு கேட்டான்!

அண்ணே கூலியும் ரப்பர் காசும் மட்டும் வாங்கிக்கிட்டார். போகும்போது அந்த ஊறின அட்டையை எடுத்து என் கையில கொடுத்து, 'பத்திரமா வச்சுக்க'ன்னு சிரிச்சார். சித்தி என்னைத் திட்டலை. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பாப்பாவோட ஸ்டூலை மட்டும் தூக்கி, கடைக்குள்ள, ஸ்பைரல் பைண்டிங் மெஷினுக்குப் பக்கத்துல போட்டாங்க. பூட்டு சரியானதுக்கு அப்புறமும் அது அங்கேயேதான் இருக்கு.

போன வாரம் எங்க காலேஜ் லைப்ரரியில நுழையும்போது கதவு 'படார்'னுச்சு. பழக்கதோஷம், குனிஞ்சேன். பூட்டுல மூடியைக் காணோம், ஒரு போல்ட் அரை இஞ்ச் வெளியே துருத்திக்கிட்டு நிக்குது. லைப்ரரியன் சார்கிட்ட போய்ச் சொன்னேன். என் ஐ.டி. கார்டை வாங்கி டிபார்ட்மென்ட்டைப் பார்த்தார். 'மெக்கானிக்கலா? அப்ப நீயே சரி பண்ணிடேன்பா'ன்னார்.

'கண்ணாடி ஃபிட்டர் ஒருத்தர் நம்பர் தர்றேன் சார்'னு சொல்லிட்டு வந்துட்டேன்.